26 அடி நடைபாதையில் ஒரு மேசை: பெர்க்லி, 1964-65

கேள்வி இது: "கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1964-65 கல்வியாண்டில் பெரிய பேச்சுரிமைப் போராட்டம் நடந்தது என்கிறார்கள். அது மேசை போடுகிற தகராறில்தான் ஆரம்பித்தது என்பது உண்மையா? அதற்காகவா 800 பேர் கைதானார்கள்? கடைசியில் மாணவர்கள் ஜெயித்தார்களா?"

ஆமாம், மேசைத் தகராறுதான். மடக்கிப் பிரிக்கிற சாதாரண மேசை. மேலே நாலு கட்டு துண்டுப் பிரசுரம், ஓரமாக ஓர் உண்டியல், பின்னால் ஒரு மாணவனோ மாணவியோ. அதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதில் ஆரம்பித்து, நாலு மாதத்துக்குள் ஒரு சான்சலரின் நாற்காலி போயிற்று. ஏறத்தாழ 800 பேர் கைதானார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த கவர்னர் தேர்தலிலும் அதுவே பேச்சாக இருந்தது. எப்படி இவ்வளவு பெரிதாயிற்று என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: நிர்வாகம் பெரிதாக்கியது. மாணவர்கள் களைத்துப்போய்க் கலையத் தொடங்கிய நேரம் பார்த்து, நிர்வாகமே அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

இடத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்க்லி வளாகத்துக்குத் தெற்கு வாசலாக நெடுங்காலம் இருந்தது சேத்தர் கேட். வளாகத்துக்குள் அரசியல் பேசக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. அதனால் பேச வருகிறவர் கேட்டுக்கு வெளியே, டெலிகிராஃப் அவென்யூவில், நகராட்சித் தெருவில் நின்று பேசுவார். மாணவர்கள் உள்ளேயிருந்து வந்து கேட்பார்கள். யாருக்கும் சிக்கல் இல்லை. 1950-களின் கடைசியில் பல்கலைக்கழகம் தெற்கே வளர்ந்து பேங்க்ராஃப்ட் வே வரைக்கும் வந்துவிட்டது. பேச்சு நடந்த தெரு வளாகத்துக்குள் போய், ஸ்ப்ரௌல் பிளாசா என்ற முற்றமாகிவிட்டது. சரி, எல்லை நகர்ந்தால் நாமும் நகர்வோம் என்று மேசைக்காரர்கள் பேங்க்ராஃப்ட்டும் டெலிகிராஃப்பும் சந்திக்கிற முனைக்குப் போனார்கள்.

அந்த முனையில், வளாக எல்லை போல நட்டிருந்த குட்டைத் தூண்களுக்கும் சாலைக்கும் நடுவே செங்கல் பாவிய நடைபாதை ஒன்று. அகலம் 26 அடி. அது நகராட்சியுடையது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேசை போட நகரத்திடம் அனுமதிச் சீட்டுகூட வாங்கினார்கள். ஆவணத்தின்படி அதில் பெரும்பகுதி பல்கலைக்கழகச் சொத்து. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டு நிலத்தை நகரத்துக்கே கொடுத்துவிடலாம் என்று 1959-லேயே பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முடிவெடுத்திருந்தது. முடிவெடுத்ததோடு சரி, மாற்றிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கோப்பு நகர்ந்திருந்தால் உங்கள் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது, 1964-ல் மட்டும் ஏன் இப்படி வெடித்தது என்பது. அந்த ஆண்டு வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஷெரட்டன் பேலஸ் ஓட்டலில் ஒரு மறியல் நடந்தது. கறுப்பினத்தவருக்குக் கீழ்நிலை வேலைகளைத் தவிர வேறு கொடுப்பதில்லை என்பது புகார். கைதானவர்களில் பெர்க்லி மாணவர்கள் நிறையப் பேர். அதில் மாரியோ சாவியோ என்ற தத்துவத் துறை மாணவரும் ஒருவர். கோடையில் சாவியோ தெற்கு மாநிலமான மிசிசிப்பிக்குப் போனார். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிற இயக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த ஜூன் 21-ம் தேதி சேனி, குட்மேன், ஷ்வெர்னர் என்ற மூன்று தொண்டர்களைக் கொன்று புதைத்தார்கள். ஒரு கறுப்பினப் பெரியவர் ஓட்டுப் பதிவு அலுவலகத்துப் படியேறுவதற்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரிடம், "மேசையை எடு" என்று சொன்னால், அவருக்கு அது வெறும் மேசையாகவா தெரியும்? சாவியோவுக்குத் திக்குவாய் உண்டு. ஒலிபெருக்கி முன்னால் மட்டும் அது காணாமல் போய்விடும் என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் கிளார்க் கெர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களுக்கும் சேர்த்துத் தலைவர் அவர். பெர்க்லி வளாகத்துக்கு மட்டும் பொறுப்பாளர் சான்சலர் எட்வர்ட் ஸ்ட்ராங். (நம் ஊர் வேந்தர், துணைவேந்தர் கணக்கை இங்கே போட்டுக் குழம்ப வேண்டாம்.) கெர்ரை வில்லனாகக் காட்டுவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1950-ல், கம்யூனிஸ்ட் இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட மறுத்த பேராசிரியர்களை ஆட்சிக்குழு வேலையை விட்டுத் தூக்கியபோது, அவர்களுக்காகப் பேசியவர் அவர். கம்யூனிஸ்ட் பேச்சாளர்கள் வளாகத்துக்குள் வரக் கூடாது என்ற பழைய தடையை 1963-ல் நீக்கியதும் அவர் காலத்தில்தான். தொழிலாளர் தகராறுகளைப் பேசித் தீர்ப்பதில் பெயர் எடுத்த பொருளாதார நிபுணர் வேறு. ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து பண்ணியவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

அவர் 1963-ல் ஹார்வர்டில் சொற்பொழிவு நிகழ்த்தும்போது, இன்றைய பெரிய பல்கலைக்கழகத்துக்கு "மல்டிவர்சிட்டி" என்று பெயர் வைத்தார். அரசு, தொழில்துறை, ஆராய்ச்சி என்று எல்லாவற்றுக்கும் அறிவை உற்பத்தி செய்து கொடுக்கிற பெரிய அமைப்பு என்பது அவர் வரைந்த படம். அவர் விவரித்தார், மாணவர்கள் அதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். பெர்க்லியில் அப்போது ஏறத்தாழ 27,000 மாணவர்கள். சேர்க்கையில் ஆளுக்கு ஒரு கட்டு துளை அட்டை, அந்தக் காலக் கணினிக்குத் தகவல் கொடுக்கிற அட்டை. "மடக்காதே, குத்தாதே, சிதைக்காதே" என்று அந்த வகை அட்டைகளில் அச்சடித்திருக்கும். அதே வாசகத்தைத் தங்கள் சட்டையில் குத்திக்கொண்டு, அட்டைக்குக் கிடைக்கிற மரியாதை எங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார்கள். இந்த மனத்தாங்கல் இல்லாமல் மேசை விவகாரம் மட்டும் இருந்திருந்தால் அத்தனை கூட்டம் சேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி நடந்ததற்கு வருவோம். செப்டம்பர் 14-ம் தேதியிட்டு மாணவர் நலப் பொறுப்பாளரான கேத்தரின் டவுலிடமிருந்து எல்லா மாணவர் அமைப்புகளுக்கும் கடிதம் வந்தது: 21-ம் தேதி முதல் அந்த நடைபாதையில் மேசை, நிதி வசூல், ஆள் சேர்ப்பு எதுவும் கூடாது. இந்த அம்மையார் முன்பு அமெரிக்க மரைன் படையின் பெண்கள் பிரிவில் கர்னல். கடிதம் போன சமயம் கெர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது இது தப்பு என்று அவருக்கே பட்டது. ஆனால் வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. கீழே இருப்பவர் போட்ட உத்தரவை மேலே இருப்பவர் ரத்து செய்தால் கீழே இருப்பவருக்கு முகம் போய்விடும் என்கிற, எல்லா அலுவலகத்துக்கும் பொதுவான கூச்சம். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் அதைப் பிழை என்றே ஒப்புக்கொண்டார்.

கடிதத்தைப் பார்த்ததும் ஒன்றுகூடியவர்கள் யார் யார் தெரியுமா? சிவில் உரிமை அமைப்புகள், சோஷலிஸ்டுகள். கூடவே வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு ஓட்டுக் கேட்ட மாணவர்களும். அதிபர் தேர்தல் நவம்பரில், மேசை எல்லோருக்கும் வேண்டும். இது இடதுசாரிகளின் சதி என்று அன்று எழுதிய பத்திரிகைகள் இந்த விஷயத்தைக் கண்டுகொள்ளவில்லை. நிர்வாகம் கொஞ்சம் இறங்கி வந்தது: மேசை போடலாம், "தகவல்" தரலாம், ஆனால் ஒரு செயலைச் செய்யும்படி "வலியுறுத்த"க் கூடாது. அதாவது தேர்தல் நாளன்று ஓட்டுப்பதிவு நடக்கிறது என்று சொல்லலாம். இன்னாருக்குப் போடுங்கள் என்று சொல்லக் கூடாது. இந்த வித்தியாசத்தை எந்தக் காவலர் எங்கே நின்று அளப்பார்?

செப்டம்பர் 30-ம் தேதி, மேசை போட்ட ஐந்து பேரை நிர்வாகம் விசாரணைக்குக் கூப்பிட்டது. நாங்களும் மேசையில் உட்கார்ந்தோம், எங்களையும் விசாரியுங்கள் என்று 400-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட தாளோடு நிர்வாகக் கட்டடமான ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிரவு எட்டுப் பேரை இடைநீக்கம் செய்தார்கள்: அந்த ஐவரும், முன்னணியில் நின்ற மூவரும். மூவரில் ஒருவர் சாவியோ.

மறுநாள் அக்டோபர் 1. இந்த நாளை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

மேசைகள் இப்போது பேங்க்ராஃப்ட் முனையில் இல்லை. ஸ்ப்ரௌல் ஹால் படிக்கட்டுக்கு நேர் எதிரே, நிர்வாகத்தின் மூக்குக்குக் கீழேயே வந்துவிட்டன. சிவில் உரிமை அமைப்பு ஒன்றின் மேசையில் ஜாக் வைன்பர்க் உட்கார்ந்திருந்தார். கணிதத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்து படிப்பை விட்டவர். எனவே சட்டப்படி வெளியாள். மதியம் நெருங்குகிற வேளை. வளாகக் காவலர்கள் வந்து கைது என்றார்கள். வைன்பர்க் எதிர்க்கவில்லை, ஆனால் எழுந்து நடக்கவும் இல்லை. உடம்பைத் தளர விட்டுவிட்டார். தூக்கிக்கொண்டு போக வண்டி வேண்டும் என்று காவலர்கள் போலீஸ் காரை அந்த முற்றத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். வகுப்பு விட்டு ஆயிரக்கணக்கானோர் முற்றத்தைக் கடக்கிற நேரம் அது. யாரோ "உட்காருங்கள்" என்று கத்த, காருக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி நகர முடியவில்லை. பின் இருக்கையில் வைன்பர்க்.

அப்படியே 32 மணி நேரம். கார் கூரை மேடையாயிற்று. பேசப் போகிறவர் காருக்குச் சேதம் வரக் கூடாது என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சாவியோ ஏறியதும் வெறும் காலுறையோடுதான். ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள், பேராசிரியர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று ஏறிப் பேசினார்கள். உள்ளே இருந்த கைதிக்கு ஜன்னல் வழியாகச் சாண்ட்விச் போயிற்று. இரவு விடுதிச் சங்கத்துப் பையன்கள் கூட்டமாக வந்து முட்டையையும் கொளுத்திய சிகரெட்டையும் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் எறிந்தார்கள். அடிதடி ஆகிவிடும்போல இருந்தபோது ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் காரின் மேல் ஏறிப் பேசி அடக்கினார். அத்தனை பேர் ஏறி இறங்கியதில் கூரை நசுங்கத்தான் செய்தது. அப்புறம் மாணவர்கள் வசூல் பண்ணி அந்தச் சேதத்துக்குப் பணம் கட்டினார்கள்.

இரண்டாம் நாள் மாலை ஏறத்தாழ 500 போலீசார் வந்து குவிந்தார்கள். அடுத்த நாள் பெற்றோர்கள் வளாகத்துக்கு வருகிற தினம். தடியடிக் காட்சியைப் பெற்றோருக்குக் காட்ட கெர்ருக்கு விருப்பமில்லை. பேச்சுவார்த்தை நடந்து ராத்திரி ஏழரை மணிவாக்கில் ஆறு அம்ச உடன்பாடு கையெழுத்தானது. சாவியோ மறுபடி கார்மேல் ஏறி அதை வாசித்துக் காட்டி, எல்லோரும் கண்ணியமாக வீட்டுக்குப் போங்கள் என்றார். போனார்கள். வைன்பர்க்கைப் பதிவு செய்துகொண்டு விட்டுவிட்டார்கள்.

உடன்பாட்டில் ஒரு வரி: எட்டுப் பேரின் இடைநீக்கத்தைப் பேராசிரியர் பேரவையின் மாணவர் ஒழுங்குக் குழு விசாரிக்கும். கையெழுத்துப் போட்டபின் தேடிப் பார்த்தால், பேராசிரியர் பேரவையில் அப்படி ஒரு குழுவே கிடையாது. இருந்த ஒழுங்குக் குழு நிர்வாகம் நியமித்தது. பேச்சுவார்த்தை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு தரப்பும் இதைக் கவனிக்கவில்லை. அதற்காகப் பிறகு புதிதாக ஒரு குழு அமைத்தார்கள். சட்டப் பேராசிரியர் மைக்கேல் ஹேமன் தலைவர். பின்னாளில் இவரே பெர்க்லிக்குச் சான்சலர் ஆனார். நவம்பர் நடுவில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. சாவியோவுக்கும் இன்னொருவருக்கும் ஆறு வார இடைநீக்கம், அதாவது ஏற்கெனவே கழிந்துபோன காலம். மற்ற ஆறு பேருக்கும் கண்டிப்பு மட்டும்.

அக்டோபர் முதல் வாரக் கடைசியில்தான் "பேச்சுரிமை இயக்கம்" என்ற பெயர் வந்தது. அதன் பிறகு ஆறு வாரம் கமிட்டி, உபகமிட்டி, நோட்டீஸ், பதில் நோட்டீஸ். இந்தப் பகுதி படிக்கச் சலிப்பாக இருக்கும். வாழ்ந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாதம் ஒரு சொல்லில் நின்றது. வளாகத்துக்குள் பேசியது வெளியே சட்டவிரோதமான செயலுக்குக் காரணமானால் பல்கலைக்கழகம் தண்டிக்கலாமா? ஓட்டல் மறியல் சட்டப்படி குற்றம்தான். மறியலுக்கு வாருங்கள் என்று மேசையிலிருந்து கூப்பிட்டவரைக் கல்லூரியும் தண்டிக்குமா, கோர்ட் மட்டும் தண்டிக்குமா? குற்றம் என்றால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும், உங்களுக்கு இதில் வேலை இல்லை என்றார்கள் மாணவர்கள். எனக்கு இன்றும் அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை.

நவம்பர் 20-ம் தேதி ஆட்சிக்குழு கூடியது. 3,000 பேருக்கு மேல், ஆண்கள் கோட்டு டை, பெண்கள் நல்ல உடை என்று, பேச்சுரிமைப் பதாகையைப் பிடித்துக்கொண்டு சேத்தர் கேட் வழியாக ஊர்வலம் போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம்போல இருக்கும். நீள முடி, பூப்போட்ட சட்டை என்று நாம் மனத்தில் வைத்திருக்கிற அறுபதுகள் அங்கே இல்லை. அது பிறகு வந்தது. ஆட்சிக்குழு பாதி விட்டுக்கொடுத்தது. சட்டத்துக்கு உட்பட்ட செயலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். சட்டவிரோதச் செயலுக்கு ஆள் திரட்டினால் தண்டிப்போம் என்றது. 23-ம் தேதி அதை எதிர்த்து ஸ்ப்ரௌல் ஹாலில் உட்காரலாமா வேண்டாமா என்று இயக்கத்துக்குள்ளேயே சண்டை. தலைமைக் குழு ஏறக்குறைய பாதிக்குப் பாதி பிரிந்தது. சிலர் போய் உட்கார்ந்தார்கள், சில மணி நேரத்தில் எழுந்து வந்தார்கள், சிலர் அழுதார்கள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனபோது இயக்கம் முடிந்துபோன மாதிரிதான்.

அந்த விடுமுறையில்தான் சாவியோவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் கடிதம் போனது. அக்டோபர் 1, 2 தேதிகளில் நீங்கள் செய்ததற்காகப் புதிதாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறோம் என்று. உடன்பாடு போட்டு, காரை விட்டு, இரண்டு மாதம் ஆனபின்! சாவியோ மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, அன்றைய தள்ளுமுள்ளில் ஒரு போலீஸ்காரரின் தொடையைக் கடித்தார் என்பது. (கடித்தது உண்மைதான்.) அணைகிற அடுப்பில் யாராவது கெரசின் ஊற்றுவார்களா? ஊற்றினார்கள். சண்டை போட்டுப் பிரிந்த தலைமைக் குழு ஒரே நாளில் ஒன்றாயிற்று.

டிசம்பர் 2, நண்பகல். ஸ்ப்ரௌல் படிக்கட்டில் சாவியோ பேசியதுதான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பேச்சு. பல்கலைக்கழகம் ஒரு நிறுவனம், கெர் அதன் மேலாளர், பேராசிரியர்கள் வேலையாட்கள் என்றால் நாங்கள் கச்சாப் பொருளா என்று கேட்டுவிட்டு, இயந்திரத்தின் ஓட்டம் பொறுக்க முடியாமல் போகும்போது அதன் பற்சக்கரத்தின் மேலும் நெம்புகோல்களின் மேலும் நம் உடம்பையே போட்டு நிறுத்த வேண்டும் என்ற பொருளில் முடித்தார். அச்சில் படித்தால் கொஞ்சம் அலங்காரமாகத் தோன்றும். ஒலிப்பதிவில் கேளுங்கள், குரல் உடைகிற இடம் தெரியும். பாடகி ஜோன் பேயஸ் பாட, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்குள் நடந்து போனார்கள்.

உள்ளே நடந்தது ஒரு விசித்திரமான கல்லூரி. ஒரு மாடியைப் படிப்பதற்கென்று சத்தமில்லாமல் வைத்துக்கொண்டார்கள், தேர்வு நெருங்குகிறதே. இன்னொரு இடத்தில் சாப்ளின் படம் போட்டார்கள். யூத மாணவர்கள் ஹனுக்கா வழிபாடு நடத்தினார்கள். நடைகூடத்தில் ஆசிரிய உதவியாளர்கள் உட்கார்ந்து வகுப்பு எடுத்தார்கள். அதிகாலை மூன்று மணிக்குச் சான்சலர் ஸ்ட்ராங் கைமைக்கோடு ஒவ்வொரு மாடியாக வந்து கலைந்து போகச் சொன்னார். கவர்னர் பேட் பிரவுன் கைது செய்ய உத்தரவிட்டார். அன்றிரவு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் சார்பில் அங்கே இருந்தவர் எட்வின் மீஸ். ரீகன் அதிபரானபின் அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஆனவர் இவரே. உடம்பைத் தளரவிட்டுக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் படியில் இழுத்து இறக்கியதில் பன்னிரண்டு மணி நேரம் பிடித்தது. பகல் வெளிச்சத்தில், பஸ் பஸ்ஸாக, சக மாணவர்கள் வேடிக்கை பார்க்க. ராத்திரியோடு ராத்திரியாக முடித்திருந்தால்கூடச் சிலபேர் பார்த்திருக்க மாட்டார்கள். விடிந்ததும் வகுப்புகள் நின்றன; ஆசிரிய உதவியாளர்கள் வேலைநிறுத்தம். பேராசிரியர்கள் ஜாமீன் பணத்துக்குச் செக் எழுதினார்கள், சாண்டா ரீட்டா சிறை வாசலுக்குக் காரெடுத்துப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். நிர்வாகத்தின் பக்கமா மாணவர் பக்கமா என்று மூன்று மாதமாக நழுவிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் மாணவியைக் காலைப் பிடித்து இழுத்துப் போவதைப் பார்த்தபின் நழுவவில்லை.

ஆனாலும் கெர்ருக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. டிசம்பர் 7-ம் தேதி மலைச்சரிவில் உள்ள கிரேக்க பாணித் திறந்தவெளி அரங்கில் கூட்டம்; ஏறத்தாழ 16,000 பேர். துறைத்தலைவர்கள் எழுதிய சமரசத்தை அரசியல் துறைத் தலைவர் ஸ்கலப்பினோவும் கெர்ரும் விளக்கினார்கள். கெர் நன்றாகவே பேசினார், கைதட்டலும் இருந்தது. கூட்டம் முடிந்தது என்று அறிவித்த நேரத்தில் சாவியோ மெதுவாக மேடையில் ஏறி மைக்கை நோக்கி நடந்தார். பேச அனுமதி கேட்டிருந்தார், மறுத்திருந்தார்கள். மைக்கைத் தொடுமுன் இரண்டு காவலர்கள் பாய்ந்து பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். பேச்சுரிமை இயக்கத்தின் தலைவரை, பேச வந்தபோது, 16,000 பேர் கண்ணெதிரே. நாடகத்துக்கு எழுதியிருந்தால் செயற்கை என்று வெட்டியிருப்போம். கூச்சல் கிளம்பியதும் விட்டுவிட்டார்கள். அவர் வந்து சொன்னது இவ்வளவுதான்: முற்றத்தில் கூட்டம் இருக்கிறது, இங்கிருந்து கிளம்புங்கள்.

அடுத்த நாள் வீலர் ஹாலில் பேராசிரியர் பேரவை கூடியது. வெளியே ஒலிபெருக்கியில் மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீர்மானத்தின் சாரம்: நேரம், இடம், முறை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் ஒழுங்குபடுத்தலாம், உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது, இதுவரை நடந்ததற்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை. ஆதரவு 824, எதிர்ப்பு 115. வெளியே வந்த பேராசிரியர்களுக்கு மாணவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டுக் கைதட்டினார்கள், சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாவியோவுக்கு 22-வது பிறந்தநாள். ஜனவரி ஆரம்பத்தில் ஸ்ட்ராங் விலக, மார்ட்டின் மேயர்சன் தற்காலிகச் சான்சலர் ஆனார். வந்த வேகத்திலேயே படிக்கட்டில் நண்பகல் கூட்டமும் முற்றத்தில் மேசையும் அனுமதிக்கப்பட்டன.

ஆக, கேட்டதில் ஏறக்குறைய எல்லாம் கிடைத்தது. ஆனால் ஜெயித்தார்களா என்ற உங்கள் கேள்விக்கு இதோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான்.

மார்ச் 3-ம் தேதி, மாணவர் அல்லாத ஓர் இளைஞர், ஒரே ஒரு கெட்ட வார்த்தை எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு வளாகத்தில் உட்கார்ந்தார். கைது. அதற்கு ஆதரவாகச் சிலர் அதே வார்த்தையைச் சொல்லிக் கைதானார்கள். "ஆபாசப் பேச்சு இயக்கம்" என்று பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. டிசம்பரில் உடம்பை இழுத்துப் போடக் கொடுத்தவர்களுக்கு இது தர்மசங்கடம்: கொள்கைப்படி ஆதரிக்க வேண்டும், மனசு ஒப்பவில்லை. இயக்கமும் ஒதுங்கிக்கொண்டது. ஆட்சிக்குழுவின் நெருக்கடி தாங்காமல் கெர்ரும் மேயர்சனும் மார்ச் 9-ம் தேதி ராஜினாமா அறிவித்து, சில நாளில் திரும்பப் பெற்றார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பெர்க்லி என்றால் அந்த ஒரு வார்த்தைதான் ஞாபகம் நின்றது. ஏப்ரலில் சாவியோ தலைமையிலிருந்து விலகினார், இயக்கம் கலைந்தது. ஆட்சிக்குழுவே ஒரு வழக்கறிஞரை வைத்து விசாரித்து மே மாதம் வாங்கிய அறிக்கை, சதி எதுவும் இல்லை, கோளாறு நிர்வாக அமைப்பில்தான் என்ற முடிவுக்கு வந்தது. அதை ஆட்சிக்குழு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே மே 21, 22 தேதிகளில் வளாகத்தில் வியட்நாம் போரைப் பற்றி 30 மணி நேரத்துக்கு மேல் தொடர் பேச்சு நடந்தது. ஒரு வருஷம் முன்பு யோசித்தே பார்த்திருக்க முடியாத கூட்டம், அனுமதியோடு.

இதற்கிடையில் வழக்கு தனியாக ஓடியது. வளாகத்துக்குள் மன்னிப்பு கிடைத்ததே தவிர கோர்ட்டில் இல்லை. அத்துமீறி நுழைந்தது, கைதை எதிர்த்தது (உடம்பைத் தளரவிட்டதைத்தான் எதிர்த்ததாக எடுத்துக்கொண்டார்கள்) என்று பெரும்பாலானோருக்கும் தண்டனை கிடைத்தது. பலருக்கு அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு; சாவியோவுக்கு 120 நாள் சிறை. 1966-ல் ரொனால்ட் ரீகன், பெர்க்லியில் நடக்கிற அலங்கோலத்தைச் சுத்தம் செய்வேன் என்று பேசியே கவர்னர் ஆனார். இடதுசாரி மாணவர்கள் ஒரு மிதவாதத் தலைவரை ஓயவைத்து வலதுசாரிக் கவர்னருக்கு வழி போட்டுக் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். வழி போட்டதில் பாதிக் கல் நவம்பர்க் கடைசியில் அந்த நாலு கடிதங்கள் எழுதியவர்களுடையது என்பேன் நான்.

1967 ஜனவரி 20-ம் தேதி, ரீகன் பதவியேற்ற சில வாரத்தில், ஆட்சிக்குழு கெர்ரை வேலையை விட்டு நீக்கியது. மாணவர்களிடம் மெத்தனமாக இருந்தார் என்பது அவர் மேல் இருந்த குறை. அதே 1967-ல் மேல்முறையீடுகள் தீர்ந்து, சாவியோ தன் 120 நாள் தண்டனைக்காகச் சாண்டா ரீட்டா சிறைக்குள் போனார். அவர் 1996 நவம்பரில் இறந்தார். அடுத்த வருஷம் ஸ்ப்ரௌல் ஹால் படிக்கட்டுக்குப் பல்கலைக்கழகமே அவர் பெயரை வைத்தது. படிக்கட்டுக்கு எதிரே மேசைகள் இன்றும் போடுகிறார்கள்.